கம்ப்யூட்டர் ஸ்லோவா? கூடவே 'பீப்' சத்தமா? ஃபார்மட் அடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

வீட்டு கம்ப்யூட்டர் ஒரு வாரமாகவே ஆமை வேகத்தில் ஓடுகிறது. நடுநடுவே 'பீப்... பீப்' என்று சத்தம் வேறு. சர்வீஸ் கடைக்கு போன் போட்டால், "கொண்டு வாங்க சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில்.

கொஞ்சம் பொறுங்கள். ஃபார்மட் அடித்தால் சரியாகும் கோளாறுகள் உண்டுதான். ஆனால் பீப் சத்தத்தோடு வரும் கோளாறுகளில் பல ஹார்டுவேர் சம்பந்தப்பட்டவை. ஃபேனில் தூசி அடைத்திருந்தால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் தூசி அப்படியேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் கடைசி மூச்சில் இருந்தால் விஷயம் இன்னும் மோசம். ஃபார்மட் அடிக்கும் வேலையே அதை ஒரேயடியாக முடித்துவிடலாம், அதிலிருக்கும் குடும்ப போட்டோக்களோடு சேர்த்து.

அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும், கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஃபைல்கள் திறக்கின்றன என்றால், முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ காப்பி செய்துவிடுங்கள். சினிமா, மென்பொருள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், வருமான வரி ஃபைல்கள், வேலை சம்பந்தமான ஆவணங்கள் இவைதான் முதலில்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இந்தக் கட்டுரை அதற்கு இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், பென் டிரைவையும் சொருகாதீர்கள், ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். உங்கள் சொந்த சிஸ்டம், ஊரில் அப்பா அம்மா பயன்படுத்தும் பழைய டெஸ்க்டாப், இவை மட்டும்தான் இங்கே பேச்சு.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேட்க அற்பமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஸ்பீக்கரை மியூட் செய்யுங்கள். சத்தம் நின்றால் அது விண்டோஸிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ வருகிறது. நிற்கவில்லை என்றால் கேபினட்டுக்குள்ளிருந்து வரலாம், அல்லது மேசைக்கு அடியில் எல்லோரும் மறந்துபோன ஒரு பெட்டியிலிருந்து வரலாம்.

அந்தப் பெட்டி யுபிஎஸ். "கம்ப்யூட்டர் கத்துதுப்பா" என்று வீட்டிலிருந்து போன் வந்தால் முதலில் யுபிஎஸ் பக்கத்தில் போனை வைக்கச் சொல்லுங்கள். கரன்ட் போனதும் சில வினாடிகளுக்கு ஒருமுறை பீப் அடிப்பது அதன் வேலை. கரன்ட் இருக்கும்போதும் அடித்தால், ஒன்று லைன் வோல்டேஜ் ரொம்பக் குறைந்து அது பேட்டரிக்கு மாறியிருக்கிறது, அல்லது பேட்டரி செத்துவிட்டது, அல்லது அது தாங்கக்கூடியதை விட அதிகமான சாதனங்களைச் சொருகியிருக்கிறீர்கள். நிற்காமல் ஒரே நீளமாக ஊளையிட்டால் பெரும்பாலும் ஓவர்லோடுதான். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது, அது சூடாகும் நேரத்தில் இழுக்கும் கரன்ட்டை வீட்டு யுபிஎஸ் தாங்காது. வீடுகளில் இருக்கும் சிறிய யுபிஎஸ்களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே அது மரியாதையான ஆயுள். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஆன் செய்ததும் பீப், திரையில் ஒன்றும் இல்லை

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்டு தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பவர்-ஆன் செல்ஃப் டெஸ்ட். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. ரேம், கிராஃபிக்ஸ், பிராசசர் எல்லாம் சரி என்றால் பல போர்டுகள் ஒரே ஒரு குட்டி பீப் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். ஏதாவது சரியில்லை, ஆனால் அதைத் திரையில் எழுதிக் காட்டவும் வழியில்லை என்னும்போது, பீப்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்துத்தான் அது பேசும்.

இங்கேதான் இணையத்தில் சுற்றும் 'பீப் கோடு பட்டியல்' பலரைக் கவிழ்க்கிறது. உலகம் முழுக்கப் பொதுவான பாஷை என்று ஒன்று கிடையாது. ஒரு நீளம், இரண்டு குட்டை என்று பீப் வந்தால், பழைய அவார்ட் பயாஸ் போர்டுகளில் அதற்குக் கிராஃபிக்ஸ் கோளாறு என்று பொருள். அதே சத்தம் ஆசூஸ் போர்டுகளில் வந்தால் ரேம் தெரியவில்லை என்று பொருள். டெல் மாடல்கள் பலவற்றில் இரண்டு பீப் என்றால் ரேம் இல்லை, ஐந்து பீப் என்றால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆகவே சத்தத்தை போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள், மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் மாடல் எண்ணைப் பாருங்கள், அந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மட்டும் அர்த்தம் தேடுங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் இந்தக் குட்டி ஸ்பீக்கரே வருவதில்லை. அதற்குப் பதில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பெயர் போட்ட சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு.

நடைமுறையில் அடிக்கடி மாட்டுவது ரேம்தான். அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தூசி, கடற்கரை ஊர்களின் ஈரப்பதம், மேசையை நகர்த்தியபோது பட்ட ஓர் இடி, ஏதாவது ஒன்றால் ரேமின் பித்தளை நிறப் பற்களுக்கும் ஸ்லாட்டுக்கும் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போயிருக்கும். டெஸ்க்டாப் என்றால் இதை நீங்களே பார்க்கலாம்.

ஷட் டவுன் செய்யுங்கள். பவர் வயரைச் சுவரிலிருந்து உருவுங்கள், சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் வடியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடலில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமில் இறங்காமல் இருக்கத்தான் இது. ஸ்லாட்டின் ஓரக் கிளிப்பைத் தளர்த்தி ரேமை நேராக மேலே எடுங்கள். அந்தப் பற்களைச் சுத்தமான வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பது நம்மூர் டெக்னீஷியன்களின் பழைய கைவைத்தியம். வேலை செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு கிடைத்தால் அது இன்னும் நல்லது. 'க்ளிக்' என்று கிளிப் பூட்டும் வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை. எதை மாட்டும்போது பீப் வருகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டையும் ஒரே ஸ்லாட்டில் போட்டாலும் பீப் வந்தால், அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் அடிக்கடி நீலத் திரை வருகிறது என்றால் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி ரேமைச் சோதித்துச் சொல்லும். இலவசம்தான்.

பட்டன் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. சிஆர்2032 என்ற எண்ணோடு நாணயம் மாதிரி இருக்கும், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது தீர்ந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தவறான தேதியால் வங்கி இணையதளங்கள்கூட 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும். நெட் பிராப்ளம் என்று நினைத்து ரூட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்லோ ஆகி பீப் அடித்தால்

ஆன் செய்த பதினைந்து நிமிடம் எல்லாம் சரி. பிறகு வீடியோ கால் போட்டதும் ஃபேன் இரைகிறது, மவுஸ் திணறுகிறது, கேபினட்டுக்குள் பீப் கேட்கிறது. சில நேரம் தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. உங்கள் கதையும் இதுதான் என்றால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான் விழ வேண்டும்.

பிராசசருக்கு ஒரு உச்ச வெப்பநிலை உண்டு. இன்டெல் சிப்கள் பலவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றுக்கு 95. அந்த எல்லையை நெருங்கினால் சிப் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் 'ஸ்லோ' என்று உணர்வது அதைத்தான். அப்படியும் சூடு இறங்கவில்லை என்றால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக ஆஃப் ஆகிவிடும். இதற்கு நடுவே எச்சரிக்கும் வசதி பல மதர்போர்டுகளின் பயாஸில் இருக்கிறது. குறிப்பிட்ட டிகிரியைத் தாண்டினாலோ, சிபியு ஃபேன் சுற்றுவது நின்றாலோ பீப் அடிக்கும். அதாவது இந்த இடத்தில் ஸ்லோவும் பீப்பும் இரண்டு கோளாறுகள் இல்லை. ஒரே கோளாறின் இரண்டு அறிகுறிகள்.

உறுதி செய்வது எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பீட்' என்ற இடத்தைக் கவனியுங்கள். வேலை பளுவாக இருக்கும்போது அது 2, 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஏற வேண்டும். மாறாக 0.8 அல்லது அதற்கும் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால் யாரோ பிரேக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிபியு வெப்பநிலையை டாஸ்க் மேனேஜர் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி இலவச மென்பொருள் காட்டும். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரிக்குள், கனமான வேலையில் 80-ஐ ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம். ஒன்றுமே செய்யாதபோது 75, 80 என்று காட்டினால் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கேபினட்டுக்குள் போவது உங்கள் அறையின் காற்றுதான், அறையே மே மாதத்தில் 38 டிகிரியில் இருந்தால் உள்ளே இருப்பது அதைவிடக் குளிராக இருக்க முடியாது.

திறந்தால் என்ன பார்ப்பீர்கள்? பெரும்பாலும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்த தூசி. சில வீடுகளில் எறும்புக் கூடும் பல்லி முட்டையும் போனஸ். கரன்ட்டை உருவிவிட்டு, ஏர் புளோயரால் வெளியே ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் அது வெறிபிடித்துச் சுற்றினால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்யூம் கிளீனர் வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். பெயின்ட் பிரஷ் போதும். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வயரை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

தூசி தட்டியும் சூடு இறங்கவில்லையா? இன்டெல்லின் பெட்டியோடு வரும் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் பின்களால் போர்டில் நிற்பது. அதில் ஒன்று கழன்றிருந்தாலும் ஹீட் சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அல்லது சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். நான்கைந்து வருடப் பழைய சிஸ்டத்தில் இது சகஜம். துடைத்துவிட்டு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். கைப்பழக்கம் இல்லை என்றால் இதைக் கடைக்காரரிடம் விடலாம்.

லேப்டாப்பில் கதை கொஞ்சம் வேறு. மெத்தை மேல் வைத்து வேலை பார்ப்பவர்கள் காற்று போகும் வழியைத் தாங்களே அடைக்கிறார்கள். வேறொரு காரணமும் உண்டு, பலருக்குத் தெரியாது. சில பிராண்டு லேப்டாப்கள், மாட்டிய சார்ஜர் தன்னுடையதுதான் என்று அடையாளம் தெரியவில்லை என்றால் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும். மலிவான டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிய வாரத்திலிருந்து சிஸ்டம் ஸ்லோ என்றால், சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியோ கீழ் மூடி உப்பியோ இருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது. ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், நேராக சர்வீஸ் சென்டர்.

டைப் செய்தால் மட்டும் பீப்

எழுத்து ஒரு வினாடி கழித்து விழுகிறது, சில எழுத்துகள் விழுவதே இல்லை, ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் ஒரு பீப். கம்ப்யூட்டரே செத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஒன்றுமே ஆகியிருக்காது. வலது பக்க ஷிஃப்ட் கீயை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியை ஆன் செய்யட்டுமா என்று கேட்கும், யோசிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் முடிந்தது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தெரியாமல் படும் தட்டல்களைப் புறக்கணிக்கும் நல்ல வசதி அது. உங்கள் வீட்டில் அது ஒரு புத்தகத்தின் மூலையோ குழந்தையின் கையோ ஷிஃப்ட் மேல் இருந்ததால் வந்திருக்கும். மறுபடி வலது ஷிஃப்ட்டை எட்டு வினாடி பிடித்தால் போய்விடும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் 'ஆக்சஸிபிலிட்டி', அதில் 'கீபோர்டு' என்று போயும் அணைக்கலாம். இதற்காக ஃபார்மட் அடித்து, கீபோர்டும் மாற்றி, பணம் வாங்கும் கடைகள் இருக்கின்றன என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் முனகினால்

எஸ்எஸ்டியில் சத்தம் வராது, அதில் சுற்றும் பாகமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் 'டக்... டக்' என்ற சத்தமோ, மெல்லிய பீப் போன்ற முனகலோ கேட்டால் உள்ளே தகடு சுற்ற முடியாமல் மோட்டார் திணறுகிறது, அல்லது ஹெட் மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் இது அதிகம். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நிற்பது, ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக் கணக்கில் ஆவது, இவையும் அறிகுறிகள்தான்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மஞ்சள் வந்தாலே பேக்கப் எடுத்துவிட்டு மாற்றத் தயாராகுங்கள். இந்த நிலையில் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், டீஃப்ராக் செய்யாதீர்கள். பல மணி நேரம் டிஸ்க்கைப் புரட்டும் வேலைகள் அவை. சத்தம் போடும் டிஸ்க்கில் உயிர் போனாலும் விடக் கூடாத தகவல் இருந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் போவதுதான் வழி. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பீப் சத்தம், திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் ஒரு போன் நம்பர்

இதுவரை சொன்னவற்றில் போவது சில ஆயிரம் ரூபாய். இங்கே வங்கிக் கணக்கே காலியாகலாம்.

இணையத்தில் எதையோ க்ளிக் செய்ததும் திரை முழுக்க ஒரு பக்கம் திறக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், முடக்கப்பட்டுள்ளது, உடனே மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை அழையுங்கள்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை. ஸ்பீக்கரில் காதைப் பிளக்கும் பீப். மவுஸ் நகர மாட்டேன் என்கிறது. இது வைரஸ் இல்லை, வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எரர் மெசேஜ் எதிலும் போன் நம்பர் இருக்காது என்று அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த நம்பரை அழைத்தால் எதிர்முனையில் மிகவும் பொறுமையாக, மரியாதையாகப் பேசுவார்கள். எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் மாதிரி ஒரு ரிமோட் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். பிறகு உங்கள் திரை அவர்கள் கையில். 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனைகளில் ஒரு பகுதி, மைக்ரோசாஃப்ட், அமேசான் பெயரைச் சொல்லி இப்படி டெக் சப்போர்ட் மோசடி செய்த கால் சென்டர்கள் மீதுதான் பாய்ந்தது. அந்த வழக்குகளில் குறிவைக்கப்பட்டது வெளிநாட்டினரை. அதற்காக ஊரில் இருக்கும் உங்கள் அப்பாவின் திரையில் அந்தச் சிவப்புப் பக்கம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஏற்கெனவே அழைத்துவிட்டார்களா? திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து மறைப்பதில்தான் நேரம் போகிறது. இணைய இணைப்பைத் துண்டியுங்கள், அந்த ரிமோட் மென்பொருளை நீக்குங்கள், வேறொரு போனிலிருந்து வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. இது மத்திய அரசின் சைபர் நிதி மோசடி உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பீப் இல்லை, ஸ்லோ மட்டும்தான் என்றால்

டாஸ்க் மேனேஜரிலேயே விடை இருக்கும். மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், நாலு டேப் க்ரோமும் ஒரு வீடியோ காலும் சேர்ந்தால் 8 ஜிபியே மூச்சு வாங்கும். 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். சி டிரைவ் விளிம்பு வரை நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். எதுவும் ஓடாதபோதும் சிபியு கொதிக்கிறது என்றால் மால்வேரைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கு கருவிகள் உண்டு.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடுகிறது என்றால் மேலே சொன்ன எதையும் விட எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பலன் தரும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும், ஹார்ட் டிஸ்க் 100, 150-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். பத்து வருடப் பழைய சிஸ்டம்கூட அதில் எழுந்து உட்காரும். ஆனால் அவ்வளவு பழைய சிஸ்டத்தில் இருப்பது விண்டோஸ் 10-ஆகத்தான் இருக்கும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பிராசசர் என்றால், அதற்குச் செலவு செய்வதற்கு முன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மெயில் பார்க்கவும் யூடியூப் பார்க்கவும் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம், மோசமில்லை.

கடைக்குக் கொண்டு போவதானால்

"ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ரெக்கார்ட் செய்த பீப் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள், ஆன் செய்த எத்தனை நிமிடத்தில் வருகிறது, எந்த வேலையின்போது வருகிறது என்று சொல்லுங்கள். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளிலிருந்தும் மெயிலிலிருந்தும் முன்பே லாக் அவுட் செய்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ரேம், டிஸ்க்கின் ஸ்டிக்கர்களை, சீரியல் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன மாற்றப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். உங்களைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கை. "அது எதுக்கு சார், டெட் ஆயிடுச்சே" என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.